ஜானஸ்கிராஃப்: இண்டெக்ஸ் நகராதபோதும் கமிட் விழும்போதும் அறிகுறி வாரியாகப் பிழை நீக்குவது

ஜானஸ்கிராஃப் என்ற கிராஃப் டேட்டாபேஸை, டேட்டாவைச் சேமிக்கும் கசாண்ட்ராவின் மேல், தேடலுக்கான எலாஸ்டிக்சர்ச்சையும் சேர்த்து, ஒன்றுக்கு மேற்பட்ட சர்வர்களில் ஓட்டுபவர்களுக்கான வழிமுறை இது. ஸ்கீமாவை மாற்றப் போய் மாட்டிக்கொள்பவர்கள் பெரும்பாலும் ஸ்கீமாவையே திரும்பத் திரும்பத் தோண்டுகிறார்கள். கோளாறோ வேறொரு சர்வரில் மூடாமல் விட்ட ஒரு ட்ரான்ஸாக்ஷனில் இருக்கும். அதனால் கீழே எந்த அறிகுறிக்கு வந்தாலும், திறந்து கிடக்கும் ட்ரான்ஸாக்ஷன்களைப் பார்க்காமல் எதையும் அழிக்காதீர்கள், மறுபடி உருவாக்காதீர்கள்.

கட்டளைகளும் அமைப்புப் பெயர்களும் இங்கே ஒலிப்பில் இருக்கின்றன. கன்சோலில் கட்டளைப் பெயர்களை இடைவெளி இல்லாமல் சேர்த்து அடிக்க வேண்டும்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

1. கன்சோலில் மேனேஜ்மென்ட்டை (ஸ்கீமாவையும் இண்டெக்ஸையும் கையாளும் பகுதி) திறந்து ‘பிரிண்ட் இண்டெக்சஸ்’ கொடுங்கள். ஒவ்வொரு இண்டெக்ஸுக்கும், அதில் உள்ள ஒவ்வொரு கீயின் நிலையும் தனித்தனியாக வரும். அந்த வெளியீட்டை அப்படியே ஒரு ஃபைலில் சேமியுங்கள்.
2. ‘கெட் ஓப்பன் இன்ஸ்டன்சஸ்’ கொடுத்து, வரும் இன்ஸ்டன்ஸ் (கிராஃபைத் திறந்து வைத்திருக்கும் ப்ராசஸ்) பட்டியலை உண்மையில் ஓடிக்கொண்டிருக்கும் சர்வர்களோடு ஒப்பிடுங்கள்.
3. ஒவ்வொரு சர்வரிலும் தனித்தனியாக ‘கெட் ஓப்பன் ட்ரான்ஸாக்ஷன்ஸ்’ எண்ணிக்கையைப் பாருங்கள்.
4. எல்லா மெஷின்களிலும் என்டிபி ஓடுகிறதா, கடிகாரங்கள் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.
5. மேனேஜ்மென்ட்டை ரோல்பேக் செய்து மூடுங்கள். மறந்தால் அதுவும் ஒரு திறந்த ட்ரான்ஸாக்ஷனாகக் கிடந்து நீங்கள் தேடும் கோளாறோடு சேர்ந்துகொள்ளும்.

## அறிகுறி: இண்டெக்ஸ் ‘இன்ஸ்டால்டு’ நிலையைத் தாண்டவில்லை

ஏற்கெனவே இருக்கும் ஒரு ப்ராபர்ட்டி கீயின் மேல் புது இண்டெக்ஸ் கட்டினால், அது இன்ஸ்டால்டு, ரெஜிஸ்டர்டு, எனேபிள்டு என்ற மூன்று படிகளில் போக வேண்டும். முதல் படியைத் தாண்ட, பட்டியலில் உள்ள ஒவ்வொரு இன்ஸ்டன்ஸும் “எனக்குத் தெரியும்” என்று பதில் சொல்ல வேண்டும். செய்தி வந்த நேரத்தில் தன்னிடம் திறந்திருந்த ட்ரான்ஸாக்ஷன்கள் எல்லாம் முடிந்த பிறகுதான் ஒரு இன்ஸ்டன்ஸ் அந்தப் பதிலைச் சொல்லும். ஒரே ஒரு இன்ஸ்டன்ஸ் பேசாமல் இருந்தாலும் இண்டெக்ஸ் அங்கேயே நிற்கும்.

காத்திருக்கும் கட்டளை அரை நிமிடத்தில் அறுந்து போகிறதா?

‘அவெய்ட் கிராஃப் இண்டெக்ஸ் ஸ்டேட்டஸ்’ தானாக 60 வினாடி காத்திருக்கும். ரிமோட் கோரிக்கைகளை ஏற்று ஓட்டும் கிரெம்லின் சர்வரின் இவேல்யுவேஷன் டைம்அவுட் இயல்பாக 30,000 மில்லிவினாடி. ஆக, ரிமோட் கன்சோலிலிருந்து கொடுத்தால் கட்டளை பதில் சொல்லும் முன்பே சர்வர் அதை வெட்டிவிடும். இண்டெக்ஸுக்கு இதனால் ஒன்றும் ஆகாது. ஒரு நிமிடம் பொறுத்து நிலையை மட்டும் மறுபடி பாருங்கள். பலருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும். வெர்டெக்ஸ் சென்ட்ரிக் இண்டெக்ஸாக, அதாவது ஒரு வெர்டெக்ஸின் (கிராஃபின் ஒரு புள்ளி) எட்ஜ்களுக்கான (புள்ளிகளின் இணைப்பு) இண்டெக்ஸாக இருந்தால் இந்தக் கட்டளை பொருந்தாது. ‘அவெய்ட் ரிலேஷன் இண்டெக்ஸ் ஸ்டேட்டஸ்’ என்று ஒன்று தனியாக இருக்கிறது.

மேனேஜ்மென்ட்டைக் கமிட் செய்தீர்களா?

இண்டெக்ஸைக் கட்டிவிட்டு, கமிட் கொடுக்காமல் அதே சாளரத்தில் காத்திருந்தால் எதுவும் நடக்காது. கமிட் ஆன பிறகு அந்த மேனேஜ்மென்ட் மூடிவிடும். அடுத்த வேலைக்குப் புதிதாகத் திறக்க வேண்டும்.

பட்டியலில் இறந்துபோன இன்ஸ்டன்ஸ் இருக்கிறதா?

சர்வர் முறையாக மூடாமல் கொல்லப்பட்டால் அதன் பெயர் பட்டியலிலேயே தங்கிவிடும். குபெர்னெட்டீஸில் பாட் பலவந்தமாக நிறுத்தப்படும்போது இது வாடிக்கை. பட்டியலில் ‘கரண்ட்’ என்று குறி போட்டிருப்பது நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் இன்ஸ்டன்ஸ், அதை விட்டுவிடுங்கள். மற்றவற்றில் எது உயிரோடு இல்லை என்பதை ஐபி முகவரியையும் ப்ராசஸையும் பார்த்து உறுதி செய்த பிறகு, ‘ஃபோர்ஸ் குளோஸ் இன்ஸ்டன்ஸ்’ கொடுத்துக் கமிட் செய்யுங்கள்.

இந்த இடத்தில் அவசரப்படவே கூடாது. உயிரோடு இருக்கும் இன்ஸ்டன்ஸை நீக்கிவிட்டால், இண்டெக்ஸ் நகர்ந்துவிடும். ஆனால் அந்த சர்வர் புது இண்டெக்ஸ் இருப்பதே தெரியாமல் தொடர்ந்து எழுதிக்கொண்டிருக்கும். அதன் வழியாக வந்த வெர்டெக்ஸ்கள் இண்டெக்ஸில் ஏறாது. ஒரு வாரம் கழித்து “சில பதிவுகள் மட்டும் தேடலில் வரவில்லை” என்ற புகாராக அது திரும்பி வரும், அப்போது காரணத்தைக் கண்டுபிடிப்பது படு கஷ்டம்.

மறுபடி வராமல் இருக்க: ஒவ்வொரு சர்வருக்கும் நிலையான ‘கிராஃப்.யூனீக்-இன்ஸ்டன்ஸ்-ஐடி’ கொடுங்கள். ‘கிராஃப்.ரிப்ளேஸ்-இன்ஸ்டன்ஸ்-இஃப்-எக்ஸிஸ்ட்ஸ்’ என்பதை ட்ரூ என்று வையுங்கள். அதே பெயரில் சர்வர் மறுபடி எழும்போது பழைய பதிவை அது தானே மாற்றிக்கொள்ளும்.

திறந்து கிடக்கும் ட்ரான்ஸாக்ஷன் இருக்கிறதா?

ஜானஸ்கிராஃபில் வெறும் வாசிப்புக்கும் ட்ரான்ஸாக்ஷன் திறக்கும். கன்சோலில் ‘எத்தனை வெர்டெக்ஸ் இருக்கிறது’ என்று எண்ணிப் பார்த்துவிட்டு அப்படியே இண்டெக்ஸ் கட்டப் போனால், அந்த எண்ணிக்கைக்காகத் திறந்த ட்ரான்ஸாக்ஷனே வழியை மறித்து நிற்கும். அதனால் ஸ்கீமா வேலைக்கு முன் ‘கிராஃப்.டிஎக்ஸ்.ரோல்பேக்’ கொடுப்பதைப் பழக்கமாக்குங்கள்.

‘கெட் ஓப்பன் ட்ரான்ஸாக்ஷன்ஸ்’ தரும் பட்டியல் அந்த ஒரு ஜேவிஎம்முக்கு (ஓடும் ஜாவா ப்ராசஸ்) மட்டும்தான். ரிமோட் கன்சோலில் கொடுத்து “பூஜ்யம்” என்று பார்த்துவிட்டு நிம்மதியடைவதில் அர்த்தமில்லை. லோட் பேலன்சர் உங்களை எந்த சர்வருக்கு அனுப்பியதோ, அதன் கணக்கு மட்டுமே அது. லோட் பேலன்சரைத் தவிர்த்து ஒவ்வொரு சர்வருக்கும் நேராகப் போய்ப் பாருங்கள். கிராஃபைத் தனக்குள்ளேயே திறந்து வைத்திருக்கும் ஜாவா செயலிகளும், இரவில் ஓடும் பேட்ச் வேலைகளும், யாரோ ஒருவரின் மடிக்கணினியில் திறந்திருக்கும் கன்சோலும்கூட இன்ஸ்டன்ஸ்கள்தான்.

மூடும்போது பட்டியலின் அளவை முதலில் எடுத்துக்கொண்டு, அத்தனை முறை பூஜ்யமாவது உறுப்பை ரோல்பேக் செய்யுங்கள். ஒவ்வொன்று மூடும்போதும் பட்டியல் சுருங்கும் என்பதால், ஒன்று, இரண்டு என்று முன்னேறிப் போனால் பாதி விட்டுப்போகும். எழுதிக்கொண்டிருக்கும் செயலியின் ட்ரான்ஸாக்ஷனையும் இது முறித்துவிடும். ஆகவே பயன்பாடு குறைந்த நேரத்தில், எழுதும் வேலைகளை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள்.

இரண்டும் சுத்தம், இன்னும் நகரவில்லையா?

மேனேஜ்மென்ட்டைத் திறந்து அதே இண்டெக்ஸுக்கு ‘அப்டேட் இண்டெக்ஸ்’ கட்டளையை ‘ரெஜிஸ்டர் இண்டெக்ஸ்’ என்ற செயலோடு கொடுத்துக் கமிட் செய்யுங்கள். முதல் முறை போன செய்திக்குப் பதில் தராதவர்களிடம் மறுபடி கேட்பது போன்றது இது. அதற்கும் அசையாவிட்டால் கடிகாரங்களை மறுபடி பாருங்கள். இன்ஸ்டன்ஸ்கள் தங்களுக்குள் செய்தி பரிமாறுவது நேரத்தை நம்பித்தான். கடைசியாக, சர்வர்களை ஒவ்வொன்றாக முறைப்படி நிறுத்தி எழுப்பிவிட்டு, ‘ரெஜிஸ்டர் இண்டெக்ஸ்’ ஒருமுறை கொடுங்கள்.

அனைத்தையும் நிறுத்தி, ஒரே ஒரு இன்ஸ்டன்ஸை மட்டும் எழுப்பிக் கொடுத்தும் நகரவில்லை என்றால், அங்கே நிறுத்திக்கொண்டு கசாண்ட்ரா நிர்வாகியைக் கூப்பிடுங்கள். ‘சிஸ்டம்லாக்’ அல்லது ‘சிஸ்டம்_ப்ராப்பர்ட்டீஸ்’ டேபிளில் எழுத்து விழாமல் இருக்கலாம். அந்த டேபிள்களை சிக்யூஎல் ஷெல்லில் கையால் திருத்த முயல வேண்டாம்.

## அறிகுறி: புது டேட்டா தேடலில் வருகிறது, பழையது வரவில்லை

ரீஇண்டெக்ஸ் செய்யாமல் ‘எனேபிள்’ கொடுத்துவிட்டார்கள். இதற்கு வேறு காரணம் தேடிப் போக வேண்டியதில்லை. எனேபிள்டு நிலையிலேயே ‘அப்டேட் இண்டெக்ஸ்’ கட்டளையை ‘ரீஇண்டெக்ஸ்’ செயலோடு கொடுக்கலாம். முடிவில் ‘கெட்’ வைத்தால்தான் வேலை முடியும்வரை காத்திருக்கும். அதன்பின் கமிட்.

கிராஃப் பெரிதாக இருந்தால் இதை ரிமோட் கன்சோலில் செய்யாதீர்கள். அதே 30 வினாடி வெட்டு இங்கேயும் உண்டு. சர்வர் மெஷினிலேயே, கிராஃபை நேராகத் திறந்த கன்சோலில் ஓட்டுங்கள். மேனேஜ்மென்ட் வழியாக ஓடும் ரீஇண்டெக்ஸ் ஒரே ஜேவிஎம்முக்குள் எல்லா வெர்டெக்ஸையும் வாசிக்கும். ஒரு மெஷினின் நினைவகமும் நேரமும் தாங்காத அளவு டேட்டா இருந்தால் மேப்ரெட்யூஸ் வழி இருக்கிறது. ஹடூப் கிளஸ்டரை இதற்காகப் புதிதாக அமைக்க வேண்டியிருந்தால், தெரிந்தவர் ஒருவரைக் கூப்பிட்டுச் செய்வதுதான் மலிவு.

ஒரு கூடுதல் செய்தி: ப்ராபர்ட்டி கீயையும் அதன் இண்டெக்ஸையும் ஒரே மேனேஜ்மென்ட் ட்ரான்ஸாக்ஷனில் உருவாக்கினால், இண்டெக்ஸ் நேராக எனேபிள்டு ஆகிவிடும். மேலே சொன்ன தொல்லை எதுவும் வராது. புதிய கீ சேர்க்கும்போதே எதைத் தேடப் போகிறோம் என்று யோசித்துவிடுவது இதற்காகத்தான்.

## அறிகுறி: இண்டெக்ஸ் எனேபிள்டு, ஆனால் ‘எல்லா வெர்டெக்ஸையும் சுற்றுகிறது’ என்ற எச்சரிக்கை

கேள்வியின் கடைசியில் ‘ப்ரொஃபைல்’ சேர்த்து ஓட்டுங்கள். எந்த இண்டெக்ஸைத் தொட்டது, முழு ஸ்கேன் போனதா என்பது அதிலேயே தெரியும். முழு ஸ்கேன் என்றால் இந்த வரிசையில் பாருங்கள்:

- காம்போசிட் இண்டெக்ஸ் (கசாண்ட்ராவிலேயே இருப்பது) சமம் என்ற ஒப்பீட்டுக்கு மட்டுமே உதவும். ‘பெரியது’, ‘சிறியது’, ‘இடையில்’ என்றால் எலாஸ்டிக்சர்ச்சில் இருக்கும் மிக்ஸட் இண்டெக்ஸ் வேண்டும்.
- இரண்டு கீ சேர்த்துக் கட்டிய காம்போசிட் இண்டெக்ஸுக்கு, கேள்வியிலும் இரண்டும் இருக்க வேண்டும்.
- ‘இண்டெக்ஸ் ஒன்லி’ என்று ஒரு லேபிளுக்கு மட்டும் கட்டியிருந்தால், கேள்வியில் ‘ஹாஸ் லேபிள்’ எழுதியே ஆக வேண்டும். நடைமுறையில் இதுதான் அதிகம் விட்டுப்போவது.
- மிக்ஸட் இண்டெக்ஸில் ஸ்ட்ரிங் கீயைச் சும்மா சேர்த்தால் அது ‘டெக்ஸ்ட்’ மேப்பிங்கில் போய் விழும். சொற்களாக உடைத்து வைக்கும். முழு மதிப்பும் சமமா என்று தேட ‘ஸ்ட்ரிங்’ மேப்பிங் தேவை, இரண்டுக்குமே ‘டெக்ஸ்ட்ஸ்ட்ரிங்’. சேர்த்த பிறகு மேப்பிங்கை மாற்ற முடியாது. வேறு பெயரில் புது இண்டெக்ஸ்தான் கட்ட வேண்டும்.

சரி செய்த பிறகு ‘க்வெரி.ஃபோர்ஸ்-இண்டெக்ஸ்’ என்பதை ட்ரூ என்று வைத்துவிடுங்கள். இண்டெக்ஸ் இல்லாத கேள்வி மெதுவாக ஓடி சர்வரை இழுப்பதற்குப் பதில் உடனே பிழையாக விழும். உற்பத்திச் சூழலில் இது அவசியம்.

## அறிகுறி: ‘எதிர்பார்த்த டேட்டா டைப் இல்லை’ என்று எழுத்து மறுக்கப்படுகிறது, அல்லது பட்டியலாக இருக்க வேண்டியது ஒற்றை மதிப்பாக இருக்கிறது

ஆட்டோ ஸ்கீமாவின் வேலை. ‘ஸ்கீமா.டிஃபால்ட்’ மாற்றப்படாமல் இருந்தால், முதலில் வரும் மதிப்பைப் பார்த்து ஜானஸ்கிராஃப் கீயை உருவாக்கிவிடும்; கார்டினாலிட்டி, அதாவது ஒரு கீயில் எத்தனை மதிப்பு இருக்கலாம் என்பது, சிங்கிள் ஆகிவிடும். யாரோ ஒரு முறை எண்ணை மேற்கோள் குறிக்குள் அனுப்பினால் போதும், அந்தக் கீ காலத்துக்கும் ஸ்ட்ரிங்தான். டேட்டா டைப், கார்டினாலிட்டி, எட்ஜ் லேபிளின் மல்டிப்ளிசிட்டி (எத்தனை எட்ஜ் அனுமதி என்பது) ஆகியவற்றை உருவாக்கிய பிறகு மாற்றவே முடியாது. பெயரை மட்டும் மாற்றலாம். தீர்வு அந்த வழியில்தான் இருக்கிறது.

உதாரணத்துக்கு ‘விலை’ என்ற கீ ஸ்ட்ரிங்காகப் பிறந்துவிட்டது, டபுளாக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

1. எழுதும் செயலிகளை நிறுத்துங்கள். கசாண்ட்ராவில் எல்லா நோடிலும் ஸ்னாப்ஷாட் எடுங்கள்.
2. ‘சேஞ்ச் நேம்’ மூலம் ‘விலை’யை ‘விலை_பழையது’ என்று மாற்றிக் கமிட் செய்யுங்கள். ஜானஸ்கிராஃப் உள்ளே எண் அடையாளத்தை வைத்தே சேமிப்பதால் டேட்டா எதுவும் நகராது, உடனே முடியும்.
3. எல்லா சர்வர்களையும் ஒருமுறை முறைப்படி நிறுத்தி எழுப்புங்கள். பெயர் மாற்றச் செய்தி எல்லா இன்ஸ்டன்ஸுக்கும் தானாகப் போகும் என்றாலும், நெட்வொர்க் இடையில் அறுந்திருந்தால் ஒரு சர்வர் பழைய பெயரிலேயே இருந்துவிடும்.
4. புதிய மேனேஜ்மென்ட்டில் ‘விலை’யை டபுள், சிங்கிள் என்று உருவாக்குங்கள். அதற்கான இண்டெக்ஸையும் அதே ட்ரான்ஸாக்ஷனில் கட்டுங்கள். ரீஇண்டெக்ஸ் செய்ய வேண்டியிருக்காது.
5. ‘விலை_பழையது’ உள்ள வெர்டெக்ஸ்களின் ஐடிகளை ஒரே ஓட்டத்தில் ஒரு ஃபைலில் எழுதிக்கொள்ளுங்கள்.
6. ஃபைலிலிருந்து 500 ஐடிகளாக எடுத்து, மதிப்பை மாற்றிப் புதிய கீயில் எழுதி, பழையதை நீக்கி, கமிட் செய்யுங்கள். எண்ணாக மாறாத மதிப்புகளைத் தனி ஃபைலில் ஒதுக்குங்கள். அவற்றை மனிதர் பார்க்க வேண்டும்.

ஐந்தாம் படியைத் தவிர்த்துவிட்டு, ‘பழைய கீ உள்ள முதல் 500ஐக் கொடு’ என்று சுற்றுச் சுற்றாகக் கேட்கத் தோன்றும். செய்யாதீர்கள். ஒவ்வொரு சுற்றும் ஆரம்பத்திலிருந்து முழு ஸ்கேன் போகும். நீக்கிய மதிப்புகளை கசாண்ட்ரா உடனே அழிப்பதில்லை. டூம்ப்ஸ்டோனாக (நீக்கப்பட்டது என்ற குறி) வைத்திருக்கும், இயல்பாக 10 நாள். சுற்று கூடக்கூட வேகம் சரிந்துகொண்டே போகும்.

எல்லாம் முடிந்ததும் ‘ஸ்கீமா.டிஃபால்ட்’டை ‘நன்’ என்று வையுங்கள். இனி ஸ்கீமாவில் இல்லாத கீ வந்தால் எழுத்து அங்கேயே மறுக்கப்படும். இன்னொரு நன்மையும் இதில் உண்டு. ஆட்டோ ஸ்கீமா இருக்கும்போது இரண்டு சர்வர்கள் ஒரே நேரத்தில் ஒரே பெயரில் கீ உருவாக்கப் போய், பூட்டுப் பிழையில் விழுவதும் இதோடு நின்றுவிடும்.

## அறிகுறி: ‘பெர்மனென்ட் லாக்கிங் எக்ஸெப்ஷன்’

பிழைச் செய்தியின் அடுத்த வரியைப் படியுங்கள். வழி அங்கே பிரிகிறது.

‘லோக்கல் லாக் கன்டென்ஷன்’ என்று வந்தால், அதே சர்வருக்குள் வேறொரு ட்ரான்ஸாக்ஷன் அந்தப் பூட்டை வைத்திருக்கிறது. ரோல்பேக் செய்து, சிறிது இடைவெளி விட்டு, முழு ட்ரான்ஸாக்ஷனையும் வாசிப்பிலிருந்து மறுபடி தொடங்குங்கள். விழுந்த கமிட்டையே திரும்பக் கொடுப்பதில் பயனில்லை. இடைவெளியை ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாக்குங்கள். எல்லாக் கோரிக்கையும் ஒரே வெர்டெக்ஸில் ஒரு எண்ணிக்கையைக் கூட்டுகிற அமைப்பு என்றால் எத்தனை முறை முயன்றாலும் தீராது. அந்த எண்ணிக்கையை கிராஃபுக்கு வெளியே கொண்டுபோங்கள்.

‘எக்ஸ்பெக்டட் வேல்யூ மிஸ்மேட்ச்’ என்று வந்தால், நீங்கள் வாசித்ததற்கும் கமிட்டுக்கும் இடையில் இன்னொருவர் மதிப்பை மாற்றிவிட்டார். ட்ரான்ஸாக்ஷனைச் சுருக்குங்கள். வாசித்துவிட்டு வெளியே ஏதோ ஒரு ஏபிஐயைக் கூப்பிட்டு, பதில் வந்த பிறகு கமிட் செய்யும் பழக்கம் இருந்தால் அதை முதலில் ஒழியுங்கள்.

யாரும் போட்டியிடாதபோதும் வந்தால் ‘ஸ்டோரேஜ்.லாக்.வெயிட்-டைம்’ பாருங்கள். இயல்பு 100 மில்லிவினாடி. உங்கள் கசாண்ட்ராவில் ஒரு எழுத்து சராசரியாக எடுக்கும் நேரத்தின் சில மடங்காக அது இருக்க வேண்டும். நோடுகள் இரண்டு டேட்டா சென்டர்களில் இருந்தால் 100 போதாது.

சர்வர் பூட்டைப் பிடித்தபடி செத்திருந்தால், அந்தப் பூட்டு ‘ஸ்டோரேஜ்.லாக்.எக்ஸ்பைரி-டைம்’ முடியும்வரை, அதாவது இயல்பாக 300 வினாடி, செல்லும். ஐந்து நிமிடம் பொறுத்திருங்கள். பெயரில் லாக் (பூட்டு) என்று முடியும் டேபிள்களைக் காலி செய்யத் தேவையில்லை.

## அறிகுறி: யூனீக் இண்டெக்ஸ் இருந்தும் ஒரே மதிப்பில் இரண்டு வெர்டெக்ஸ்

கசாண்ட்ரா போன்ற பின்தளத்தில் ‘யூனீக்’ என்று எழுதினால் மட்டும் போதாது. ‘செட் கன்சிஸ்டென்சி’ மூலம் அந்த இண்டெக்ஸுக்கு ‘லாக்’ (பூட்டு) கொடுக்க வேண்டும். கொடுத்திருந்தும் இரட்டை வந்தால்:

- மொத்தமாக டேட்டா ஏற்றியபோது ‘ஸ்டோரேஜ்.பேட்ச்-லோடிங்’ ட்ரூவாக இருந்ததா? அது பூட்டையும் தனித்தன்மைச் சோதனையையும் அணைத்துவிடும். ஏற்றி முடித்தும் அணைக்க மறந்திருந்தால் அன்றாட எழுத்தும் சோதனையில்லாமல் போய்க்கொண்டிருக்கும்.
- வாசிப்பு, எழுத்து இரண்டின் கன்சிஸ்டென்சி நிலையும் ‘கோரம்’ (பெரும்பான்மைப் பிரதிகளின் ஒப்புதல்) தானா? வேகத்துக்காக யாராவது ‘ஒன்’ என்று இறக்கியிருந்தால் பூட்டு அர்த்தமிழந்துவிடும்.
- கடிகாரம். பூட்டை யார் முதலில் கேட்டார்கள் என்பது நேரக்குறியை வைத்துத்தான் முடிவாகிறது.

காரணத்தை அடைத்த பிறகு, ‘குரூப் கவுண்ட்’ மூலம் ஒன்றுக்கு மேல் வரும் மதிப்புகளை எடுத்து, எட்ஜ்களை ஒன்றுக்கு மாற்றி, மற்றதை நீக்குங்கள். காரணத்தை அடைக்கும் முன் சுத்தம் செய்வது வீண்.

## அறிகுறி: இன்னொரு சர்வரில் எழுதியது இங்கே தெரியவில்லை

உங்கள் த்ரெட்டில் பழைய ட்ரான்ஸாக்ஷன் திறந்தபடி இருக்கிறது. அது தன் நினைவில் வைத்திருக்கும் பழைய மதிப்பையே திருப்பித் தரும். ஒவ்வொரு கோரிக்கையின் தொடக்கத்திலும் ரோல்பேக் செய்யுங்கள். அடுத்தது ‘கேஷ்.டிபி-கேஷ்’. அது இயல்பில் அணைந்திருக்கும். ஏற்றியிருந்தால், ‘டிபி-கேஷ்-டைம்’ முடியும்வரை, இயல்பாக 10,000 மில்லிவினாடி, மற்ற சர்வரின் எழுத்து தெரியாமல் போகலாம். அந்த எண்ணை 0 என்று வைத்தால் காலாவதியே கிடையாது. பல சர்வர் அமைப்பில் அப்படி வைக்கவே கூடாது.

கிரெம்லின் சர்வரில் செஷன் இல்லாத கோரிக்கை ஒவ்வொன்றும் தானே கமிட் ஆகும். செஷன் திறந்து எழுதினால் கமிட் உங்கள் பொறுப்பு. மறந்தால் செஷன் காலாவதியாகும்போது எழுதியதும் போய்விடும்.

‘எட்ஜ் இந்த ட்ரான்ஸாக்ஷனைச் சேர்ந்ததல்ல’ என்ற வகைப் பிழையும் இதன் உறவுதான். கமிட்டுக்குப் பிறகு அதே த்ரெட்டில் வெர்டெக்ஸ் தானாகப் புதிய ட்ரான்ஸாக்ஷனுக்கு மாறிக்கொள்ளும், எட்ஜ் மாறாது. அதை மறுபடி வாசித்து எடுக்க வேண்டும்.

## அறிகுறி: வெர்டெக்ஸ் கசாண்ட்ராவில் இருக்கிறது, மிக்ஸட் இண்டெக்ஸ் தேடலில் வரவில்லை

ஓரிரு வினாடி கழித்து வந்துவிடுகிறதா? கோளாறு இல்லை. எலாஸ்டிக்சர்ச் இயல்பாக 1 வினாடிக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கும். எழுதிய உடனே தேடியே ஆக வேண்டுமானால் எலாஸ்டிக்சர்ச் அமைப்பில் ‘பல்க்-ரிஃப்ரெஷ்’ என்பதை ‘வெயிட்_ஃபார்’ ஆக்கலாம். ஒவ்வொரு கமிட்டும் மெதுவாகும். ஐடியோ காம்போசிட் இண்டெக்ஸோ வைத்து எடுப்பது மேல்.

வரவே இல்லையா? ஜானஸ்கிராஃப் கமிட்டில் முதலில் கசாண்ட்ராவில் எழுதும், அதன்பின் எலாஸ்டிக்சர்ச்சில். இரண்டாவது விழுந்தால் செயலிக்குப் பிழை போகாது. கமிட் வெற்றி என்றே சொல்லும். சர்வரின் பதிவு ஃபைலில் மட்டும் ‘இண்டெக்ஸ் மாற்றங்களைக் கமிட் செய்வதில் பிழை’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி விழுந்திருக்கும். அந்த வரிக்கு எச்சரிக்கை மணி வைத்திராத அமைப்பு, இண்டெக்ஸ் ஓட்டையாகிக்கொண்டே போவதை அறியாமலேயே ஓடும்.

எலாஸ்டிக்சர்ச் ஏன் மறுத்தது என்று பாருங்கள். அதிகம் காண்பது டிஸ்க் நிரம்புவது. பயன்பாடு 95 சதவீதத்தைத் தொட்டால் எலாஸ்டிக்சர்ச் இண்டெக்ஸ்களை எழுத முடியாதபடி பூட்டிவிடும். இடத்தைக் காலி செய்து, பூட்டு விலகியதை உறுதி செய்த பிறகு:

- ‘டிஎக்ஸ்.லாக்-டிஎக்ஸ்’ முன்பே ட்ரூவாக இருந்தால், ‘ஸ்டார்ட் ட்ரான்ஸாக்ஷன் ரிகவரி’யை விபத்துக்குச் சற்று முந்தைய நேரம் கொடுத்து, ஒரே ஒரு மெஷினில் ஓட்டுங்கள். விழுந்தவற்றை மட்டும் அது சேர்க்கும்.
- இல்லையென்றால் முழு ரீஇண்டெக்ஸ். அது இருக்கும் வெர்டெக்ஸ்களைத்தான் சுற்றும். அந்த நேரத்தில் நீக்கப்பட்ட வெர்டெக்ஸின் பழைய ஆவணம் எலாஸ்டிக்சர்ச்சில் அப்படியே இருக்கும். அந்த மிச்சங்கள் தொல்லை தந்தால் வேறு பெயரில் புது மிக்ஸட் இண்டெக்ஸ் கட்டிப் பழையதை ‘டிஸேபிள்’ செய்வது சுத்தம்.

## அறிகுறி: லேபிளோ ப்ராபர்ட்டியோ இல்லாத பாதி வெர்டெக்ஸ்கள்

ஒருவர் வெர்டெக்ஸை நீக்கும் நேரத்தில் இன்னொருவர் அதே வெர்டெக்ஸில் எழுதினால், நீக்கியதற்குப் பின் விழுந்த எழுத்து மட்டும் எஞ்சும். இதைத்தான் கோஸ்ட் வெர்டெக்ஸ் என்கிறோம். சிலவாக இருந்தால், ‘பில்ட் ட்ரான்ஸாக்ஷன்’ வழியாக ‘செக் இன்டர்னல் வெர்டெக்ஸ் எக்ஸிஸ்டன்ஸ்’ ஏற்றித் திறந்து வாசித்தால் அவை கண்ணில் படாது, வேகம் குறையும். நிறைய இருந்தால் ‘கோஸ்ட் வெர்டெக்ஸ் ரிமூவர்’ வேலையை ஓட்டுங்கள். மறுபடி வராமல் இருக்க, நேராக நீக்காமல் ‘நீக்கப்பட்டது’ என்று ஒரு ப்ராபர்ட்டி போட்டுவைத்து, எழுத்து இல்லாத நேரத்தில் மொத்தமாக நீக்குங்கள்.

## அறிகுறி: கமிட் பெரும் நேரம் எடுத்து விழுகிறது

‘தற்காலிகப் பிழைகள் திரும்பத் திரும்ப வந்ததால் முடிக்க முடியவில்லை’ என்ற செய்தியோடு 100 வினாடி என்று காட்டினால் அது ‘ஸ்டோரேஜ்.ரைட்-டைம்’ எல்லை. அதைக் கூட்டி வைப்பது கோளாறைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். ட்ரான்ஸாக்ஷனை உடைத்துச் சில நூறு உறுப்புகளுக்கு ஒரு கமிட் என்று வையுங்கள். ‘பேட்ச் டூ லார்ஜ்’ என்றால் கசாண்ட்ராவின் பேட்ச் அளவு எல்லையைத் தாண்டிவிட்டது, ‘ஸ்டோரேஜ்.சிக்யூஎல்.பேட்ச்-ஸ்டேட்மென்ட்-சைஸ்’ இயல்பான 20இலிருந்து குறையட்டும்.

விழுந்த கமிட்டில் ஒரு பகுதி கசாண்ட்ராவில் பதிந்திருக்கலாம். அதைத் திரும்ப எடுக்க வழியில்லை. ஆகவே மறு முயற்சியில் ‘ஆட் வி’ என்று குருட்டுத்தனமாகச் சேர்க்காமல், இருந்தால் எடு, இல்லாவிட்டால் உருவாக்கு என்று எழுதுங்கள். ஜானஸ்கிராஃப் 1.0 முதல் ‘மெர்ஜ் வி’ கிடைக்கிறது. அதற்கு முந்தையதில் ‘ஃபோல்ட்’, ‘கோஅலெஸ்’ சேர்த்து எழுத வேண்டும்.

ஒரு கசாண்ட்ரா நோட் விழுந்ததும் கமிட் எல்லாமே நின்றால், ‘ஸ்டோரேஜ்.சிக்யூஎல்.ரெப்ளிகேஷன்-ஃபேக்டர்’ பாருங்கள். எதுவும் கொடுக்காமல் விட்டால் இயல்பு 1. கீஸ்பேஸ் உருவான பிறகு அமைப்பு ஃபைலில் மாற்றினால் பலன் இல்லை; கசாண்ட்ராவில் கீஸ்பேஸை மாற்றி, ஒவ்வொரு நோடிலும் முழு ரிப்பேர் ஓட்ட வேண்டும். கசாண்ட்ரா பழக்கமில்லாதவர் உற்பத்திச் சூழலில் இதைத் தனியே செய்ய வேண்டாம்.

## கை வைக்காமல் உடனே கூப்பிட வேண்டிய இடங்கள்

‘கிராஃப்இண்டெக்ஸ்’ டேபிளைக் காலி செய்துவிட்டு ரீஇண்டெக்ஸ் செய்யலாம் என்று யாராவது சொன்னால் தடுத்துவிடுங்கள். ஸ்கீமாப் பெயர்களைத் தேடிப் பிடிக்கும் உள் இண்டெக்ஸும் அந்த டேபிளில்தான் இருக்கிறது. காலியானால் ஜானஸ்கிராஃபுக்குத் தன் கீகளின் பெயரே தெரியாமல் போகும். ஏற்கெனவே செய்துவிட்டார்கள் என்றால் எழுதும் செயலிகளை நிறுத்துங்கள், சர்வர்களை மறுபடி எழுப்பாதீர்கள், ஸ்னாப்ஷாட்டிலிருந்து மீட்கத் தெரிந்தவரை வரவழையுங்கள்.

மீட்கும்போது எல்லா டேபிளும் ஒரே நேரத்து ஸ்னாப்ஷாட்டிலிருந்து வர வேண்டும். ‘ஜானஸ்கிராஃப்_ஐடிஸ்’ மட்டும் பழையதாக இருந்தால், கொடுத்து முடித்த ஐடிகளையே அது மறுபடி கொடுக்கும். புதிய வெர்டெக்ஸ் பழைய வெர்டெக்ஸின் மேலேயே எழுதப்படும், எந்தப் பிழைச் செய்தியும் வராது. மீட்டவர் வேலையை முடித்ததாகச் சொன்ன பிறகும், சில புதிய வெர்டெக்ஸ்களை உருவாக்கி, அவற்றின் ஐடிகள் பழைய டேட்டாவில் இல்லை என்று பார்த்துவிட்டே செயலிகளைத் திறந்துவிடுங்கள்.